ஐந்து புள்ளிகள், பத்துக் கோடுகள்: எந்தச் சமன்பாடு சரி?

கேட்டிருப்பவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர். அவருடைய கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றின் வழியே போகும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்கப் புத்தகத்தில் நாலைந்து வடிவங்கள் இருக்கின்றன, எதை எப்போது எடுப்பது? அப்புறம், ஒரு ஸ்பிரிங்கில் 100, 200, 300, 400, 500 கிராம் எடைகளைத் தொங்கவிட்டு அவர் நீளத்தை அளந்திருக்கிறார். வந்தவை 12.1, 13.9, 16.2, 17.9, 20.0 சென்டிமீட்டர். எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் வேறு வேறு சமன்பாடு வருகிறது, எங்கே தவறு செய்தேன் என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எங்கேயும் தவறு செய்யவில்லை. நீங்கள் கேட்டிருப்பவை தன்மையில் வேறுபட்ட இரண்டு கேள்விகள். முதலாவது வடிவியல். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஒரே ஒரு விடைதான் உண்டு. இரண்டாவது அளவீட்டைப் பற்றியது. அங்கே 'சரியான கோடு' என்று ஒன்றை எடுத்து நீட்ட முடியாது. 'இந்தக் காரணத்தால் இந்தக் கோடு' என்றுதான் சொல்ல முடியும். பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிற எனக்கு, மாணவர்கள் குழம்புகிற இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பாடப்புத்தகத்தில் கணக்குக்குத் தகுந்தபடி புள்ளிகள் செதுக்கிக் கொடுக்கப்படுகின்றன. ஆய்வகத்தில் அப்படி வருவதில்லை.

முதல் கேள்விக்கு வருவோம். ஒரு கோடு நேர்கோடாக இருப்பதற்கு ஒரே அடையாளம்தான்: அதன் மேல் எங்கே நின்றாலும், வலப்பக்கம் ஓர் அலகு நகர்ந்தால் மேலே ஏறுகிற அளவு (அல்லது இறங்குகிற அளவு) ஒன்றாகவே இருக்கும். இதைத்தான் சாய்வு என்கிறோம். புத்தகத்தில் இருக்கிற எல்லா வடிவங்களும் இந்த ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. கோட்டில் ஏதோ ஒரு புள்ளியை எடுத்து, அதற்கும் உங்களுக்குத் தெரிந்த புள்ளிக்கும் இடையே சாய்வைக் கணக்கிட்டால் அது கோட்டின் சாய்வாக இருந்தாக வேண்டும். இந்த வாக்கியத்தை எண்களாக எழுதினால் அதுதான் சமன்பாடு.

ஓர் எடுத்துக்காட்டு. (−2, 7), (4, −5) என்ற இரண்டு புள்ளிகள். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது எக்ஸ் எவ்வளவு மாறுகிறது? 4 − (−2) = 6. ஒய் எவ்வளவு மாறுகிறது? −5 − 7 = −12. ஆகவே சாய்வு −12 ÷ 6 = −2. அதாவது வலப்பக்கம் ஓர் அலகு போனால் கோடு 2 அலகு இறங்குகிறது. இப்போது தெரிந்த ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், (−2, 7). கோட்டில் உள்ள எந்தப் புள்ளிக்கும் ஒய் − 7 = −2 (எக்ஸ் + 2). விரித்தால் ஒய் = −2 எக்ஸ் + 3. அவ்வளவுதான். சரிபார்க்கும்போது நீங்கள் பயன்படுத்தாத புள்ளியைப் போட்டுப் பாருங்கள். (−2, 7)-ஐ வைத்துத்தான் சமன்பாட்டையே எழுதினோம் என்பதால், சாய்வு தப்பாக இருந்தாலும் அது பொருந்திவிடும். (4, −5)-ஐப் போட்டால்தான் சாய்வும் சரியா என்பது தெரியும்: −2 × 4 + 3 = −5. சரி.

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கிற பிழைகள் இரண்டு. ஒன்று, 4 − (−2) என்பதை 2 என்று எழுதிவிடுவது. இன்னொன்று, மேலே இரண்டாவது புள்ளியிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே வரிசையை மாற்றி முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது. எந்தப் புள்ளியை முதலாவது என்று கொண்டாலும் கவலையில்லை, ஆனால் மேலேயும் கீழேயும் ஒரே வரிசை இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடிக்க எளிய வழி, கணக்குக்கு முன்னால் ஒரு சின்னப் படம் போடுவது. மேலே சொன்ன புள்ளிகளைக் குறித்தாலே கோடு இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு சாய்வு மிகை எண்ணாக வந்தால் உடனே உறுத்தும்.

எந்த வடிவத்தை எப்போது எடுப்பது என்று கேட்டீர்கள். என் பரிந்துரை: சாய்வும் ஒரு புள்ளியும் கொண்ட வடிவத்தை உங்கள் வழக்கமான வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளி வடிவம் என்பது இதே வடிவத்தில் சாய்வைக் கணக்கிடாமல் அப்படியே எழுதி வைப்பதுதான், தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம் விடையை எழுதுவதற்கு ஏற்றது, எக்ஸ் பூஜ்யமாக இருக்கும்போது என்ன மதிப்பு என்பது நேரடியாகத் தெரியும். இரண்டு அச்சுகளையும் வெட்டும் வெட்டுத்துண்டுகளை வைத்து எழுதுகிற வடிவம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆதிப்புள்ளி வழியே போகும் கோட்டுக்கும், அச்சுக்கு இணையான கோட்டுக்கும் அது உதவாது. கேள்வியிலேயே இரண்டு வெட்டுத்துண்டுகளையும் கொடுத்திருந்தால் மட்டும் எடுங்கள்.

இந்த வடிவங்களுக்கெல்லாம் ஒரு ஓட்டை இருக்கிறது: (3, 1), (3, 8) என்று கொடுத்தால் எக்ஸ் மாறவே இல்லை, பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். சாய்வு வரையறுக்கப்படவில்லை, ஆனால் கோடு இருக்கிறது, அது எக்ஸ் = 3 என்ற நிலைக்குத்துக் கோடு. வகுத்தலே இல்லாமல் எழுதினால் இந்தச் சிக்கல் வராது. ஒய்யின் மாற்றத்தை (எக்ஸ் − முதல் புள்ளியின் எக்ஸ்) என்பதால் பெருக்குங்கள். அதிலிருந்து, எக்ஸின் மாற்றத்தை (ஒய் − முதல் புள்ளியின் ஒய்) என்பதால் பெருக்கிக் கழித்து, பூஜ்யத்துக்குச் சமமாக்குங்கள். நம் முதல் எடுத்துக்காட்டில் −12 (எக்ஸ் + 2) − 6 (ஒய் − 7) = 0, சுருக்கினால் 2 எக்ஸ் + ஒய் − 3 = 0. நிலைக்குத்துக் கோட்டுக்கு 7 (எக்ஸ் − 3) − 0 = 0, அதாவது எக்ஸ் = 3. ஒரே புள்ளியை இரண்டு முறை கொடுத்துவிட்டால் 0 = 0 என்று வரும். அதுவும் நியாயமான பதில்தான், ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகும் என்பதை அது சொல்கிறது. பின்னாளில் கணினி நிரல் எழுதப் போகிறவர்கள் இந்த வகுத்தலில்லாத வடிவத்தைக் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு எடுத்துக்காட்டையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் சாய்வுக்கு அலகு உண்டு என்பது தெளிவாகும். தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸ், 32 டிகிரி பாரன்ஹீட். கொதிப்பது 100 செல்சியஸ், 212 பாரன்ஹீட். புள்ளிகள் (0, 32), (100, 212). சாய்வு 180 ÷ 100 = 1.8. பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. இங்கே 1.8 என்பது வெறும் எண் இல்லை, ஒரு செல்சியஸ் டிகிரிக்கு 1.8 பாரன்ஹீட் டிகிரி என்று பொருள். 32 என்பது செல்சியஸ் பூஜ்யத்தில் பாரன்ஹீட் அளவு. இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் எது என்று கேட்டால், இதே கோட்டில் இரண்டையும் சமமாக வைத்துப் பாருங்கள், −40 வரும். உங்கள் ஸ்பிரிங் கணக்கிலும் சாய்வுக்கு அலகு இருக்கிறது: 100 கிராமுக்கு இத்தனை சென்டிமீட்டர். வெட்டுத்துண்டுக்கு வெறும் சென்டிமீட்டர். எக்ஸ், ஒய் என்று மட்டும் எழுதிப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், பிறகு விடைக்கு என்ன பொருள் என்றே தெரியாமல் நிற்கிறார்கள்.

மூன்று புள்ளிகள் கொடுத்தால்? இரண்டை எடுத்துக் கோட்டை எழுதி, மூன்றாவதைப் போட்டுப் பாருங்கள். (1, 1) என்ற புள்ளி ஒய் = −2 எக்ஸ் + 3 என்பதில் பொருந்துகிறது, ஆகவே மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. (1, 2) பொருந்தாது, ஆகவே மூன்றின் வழியாகவும் போகும் நேர்கோடே கிடையாது. மூன்றாலும் அமையும் முக்கோணத்தின் பரப்பு பூஜ்யமா என்று பார்ப்பதும் இதே சோதனைதான். பாடப்புத்தகக் கணக்கில் இந்தச் சோதனைக்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு விடைகளே உண்டு.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி தொடங்குகிறது. உங்கள் ஐந்து புள்ளிகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால், 'ஒரே கோட்டில் இல்லை' என்று வரும். வடிவியல் கேள்விக்கான நேர்மையான விடை அதுதான். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது அது இல்லை. ஸ்பிரிங்கின் நீட்சி அதன் மேல் உள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி. ஆக, பின்னால் ஒரு நேர்கோடு இருக்கிறது என்று நம்பக் காரணம் உண்டு. உங்கள் அளவீடுகள் அந்தக் கோட்டிலிருந்து ஓரிரண்டு மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் விலகியிருக்கின்றன. ஸ்கேலைச் சரியான கோணத்தில் பார்க்காததால் வரும் இடமாறு தோற்றப்பிழை, ஸ்பிரிங் ஆடி நிற்பதற்குள் அளந்தது, எடைக்கற்களில் இருக்கும் சிறு வேறுபாடு, இவையெல்லாம் சேர்ந்துதான் இந்த விலகல். இப்போது கேள்வி மாறிவிடுகிறது: எல்லாப் புள்ளிகளின் 'வழியே' போகும் கோடு இல்லை என்றால், எல்லாவற்றுக்கும் 'அருகில்' போகும் கோடு எது?

ஐந்து புள்ளிகளிலிருந்து பத்துச் சோடிகள் எடுக்கலாம். பத்துச் சாய்வுகளையும் கணக்கிட்டுப் பார்த்தேன். அடுத்தடுத்த புள்ளிகளை எடுத்தால் 1.8, 2.3, 1.7, 2.1. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 2.05, 2.0, 1.9. இரண்டு விட்டு எடுத்தால் 1.93, 2.03. முதலும் கடைசியும் எடுத்தால் 1.975. இதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பக்கத்துப் புள்ளிகளிலிருந்து வந்த சாய்வுகள் 1.7 முதல் 2.3 வரை அலைகின்றன. புள்ளிகள் விலக விலக, சாய்வுகள் 2-ஐ நெருங்கி அடங்குகின்றன. காரணம் எளிது. ஒவ்வோர் அளவீட்டிலும் 2 மில்லிமீட்டர் பிழை வரலாம், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் நீள வேறுபாட்டில் 4 மில்லிமீட்டர் பிழை. ஒரே படி தூரத்தில் அது சாய்வை 0.4 வரை ஆட்டும். நான்கு படி தூரத்தில் அதே பிழை நான்கால் வகுபட்டு 0.1 ஆகிவிடும். ஆகவே இரண்டே புள்ளிகளை வைத்துத்தான் சமன்பாடு எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், முடிந்தவரை தள்ளித் தள்ளி இருக்கும் புள்ளிகளை எடுங்கள். இது உறுதியாகச் சொல்லக்கூடியது.

நீங்கள் சிக்கிய இதே இடத்தில் 18-ம் நூற்றாண்டில் ஒருவர் சிக்கினார். ரோஜர் போஸ்கோவிச் என்ற இயேசு சபைப் பாதிரியார், துப்ரோவ்னிக்கில் 1711-ல் பிறந்தவர். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பது அப்போதைய பெரிய கேள்வி. வடக்கு-தெற்காக ஒரு டிகிரி அட்சரேகையின் நீளத்தை வெவ்வேறு இடங்களில் அளந்து, அதை அந்த அட்சரேகையின் சைன் மதிப்பின் வர்க்கத்தோடு வரைந்தால் ஏறக்குறைய ஒரு நேர்கோடு வர வேண்டும், அதன் சாய்விலிருந்து தட்டைத்தன்மை கிடைக்கும். அவரிடம் இருந்தவை ஐந்து புள்ளிகள்: தென் அமெரிக்காவின் கித்தோ, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, ரோம், பாரிஸ், வட ஐரோப்பாவின் லாப்லாந்து. இதில் ரோம் அளவீடு அவரும் கிறிஸ்டோபர் மேர் என்ற சக பாதிரியாரும் சேர்ந்து செய்தது. பூமத்திய ரேகையில் உள்ள கித்தோவில் ஒரு டிகிரி 56,751 துவாஸ், லாப்லாந்தில் 57,422 துவாஸ். துவாஸ் என்பது பழைய பிரெஞ்சு நீள அளவு, சுமார் 1.95 மீட்டர். போஸ்கோவிச் உங்களைப் போலவே பத்துச் சோடிகளையும் எடுத்துப் பத்துச் சாய்வுகளைக் கணக்கிட்டார். அவை சுமார் −350-இலிருந்து 1,300-க்கு மேல் வரை சிதறின. எதிர்மறைச் சாய்வு எப்படி வந்தது என்றால், ரோமை விடப் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நன்னம்பிக்கை முனையில் டிகிரி ரோமை விட நீளமாக அளக்கப்பட்டிருந்தது.

அவர் எந்தச் சோடியையும் தேர்ந்தெடுக்கவில்லை. 1757-ல் இரண்டு நிபந்தனைகளை வைத்தார்: கோட்டுக்கு மேலே உள்ள விலகல்களின் கூடுதலும் கீழே உள்ளவற்றின் கூடுதலும் சமமாக இருக்க வேண்டும், எல்லா விலகல்களின் அளவுகளையும் குறி பார்க்காமல் கூட்டினால் அது மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஐந்து அளவீடுகளையும் மதித்து ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்க வைத்த தெளிவான விதி அது. நன்னம்பிக்கை முனை அளவீடு ஏன் அப்படி இருந்தது என்பது பிறகு தெரிந்தது. 1820-ல் அங்கே போயிருந்த நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட், பக்கத்து மலைகள் தூக்குக்குண்டைத் தங்கள் பக்கம் இழுத்துச் செங்குத்துத் திசையையே மாற்றியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1840-களில் வானியலாளர் மெக்லியர் மறுபடி அளந்தபோது அது உறுதியானது. 1802-ல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரிய நில அளவையிலும், டிகிரியின் நீளத்தைக் கண்டறிவது ஒரு முக்கிய நோக்கமாக இருந்தது. நீங்கள் ஸ்பிரிங்கோடு போராடுகிற கேள்வியின் வரலாறு இவ்வளவு பெரியது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்று வழக்கத்தில் இருப்பது மீச்சிறு வர்க்க முறை. விலகல்களை அப்படியே கூட்டாமல், வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூடுதலை மிகக் குறைவாக்குகிற கோட்டை எடுப்பது. 1805-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் இதை முதலில் அச்சில் வெளியிட்டார். 1809-ல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ், தான் 1795 முதலே இதைப் பயன்படுத்தி வருவதாக எழுதினார், அதனால் இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. உங்கள் எண்களுக்கு இதைக் கையாலேயே செய்துவிடலாம். எடையை 100 கிராம் அலகில் 1, 2, 3, 4, 5 என்று கொள்ளுங்கள். சராசரி 3. நீளங்களின் சராசரி 16.02. எடைகளின் விலகல்கள் −2, −1, 0, 1, 2. நீளங்களின் விலகல்கள் −3.92, −2.12, 0.18, 1.88, 3.98. இணையாகப் பெருக்கிக் கூட்டினால் 19.80. எடை விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. சாய்வு 19.80 ÷ 10 = 1.98. கோடு சராசரிப் புள்ளி வழியே போகும் என்பதால் வெட்டுத்துண்டு 16.02 − 3 × 1.98 = 10.08. ஆகவே நீளம் = 1.98 × எடை + 10.08. இந்தக் கோட்டிலிருந்து உங்கள் புள்ளிகளின் விலகல்கள் முறையே 0.04, −0.14, 0.18, −0.10, 0.02. கூட்டினால் பூஜ்யம் வருகிறது, கணக்கு சரி என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சூத்திரம் எங்கிருந்து குதித்தது என்று தோன்றலாம். அதற்கு ஓர் அழகான விளக்கம் உண்டு, ஏனோ வகுப்பறைகளில் இதை அதிகம் சொல்வதில்லை. நீங்கள் கண்ட பத்துச் சாய்வுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும், அந்த இரண்டு புள்ளிகளின் கிடைத்தூரத்தின் வர்க்கத்தை எடையாகக் கொடுங்கள் (இங்கே எடை என்பது அந்தச் சாய்வுக்குத் தரும் முக்கியத்துவம், தொங்கவிட்ட எடை இல்லை): பக்கத்துச் சோடிகளுக்கு 1, ஒன்று விட்டவற்றுக்கு 4, இரண்டு விட்டவற்றுக்கு 9, முதலும் கடைசியும் சேர்ந்ததற்கு 16. எடையிட்ட சராசரியைக் கணக்கிட்டால் 99 ÷ 50 = 1.98. அதே விடை. இது உங்கள் எண்களுக்கு மட்டும் தற்செயலாக வந்தது இல்லை, எந்தத் தரவுக்கும் இது இயற்கணித உண்மை. ஆகவே பத்தில் எது சரி என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: பத்தும் சாட்சிகள். தள்ளி நிற்கும் சோடி நம்பகமான சாட்சி என்பதால் அதன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். மீச்சிறு வர்க்க முறை இந்தப் பத்துப் பேரையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறது.

இதுவரை சொன்ன கணக்கில் சந்தேகம் இல்லை. மீச்சிறு வர்க்கக் கோடுதான் எப்போதும் சிறந்தது என்று சொன்னால் அது சந்தேகத்துக்குரியது. விலகலை வர்க்கப்படுத்துவதால், ஒரே ஒரு மோசமான புள்ளி கோட்டையே தன் பக்கம் இழுத்துவிடும். நீங்கள் 17.9 என்பதை அவசரத்தில் 19.7 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், நோட்டில் இலக்கம் மாறுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு பிழையால் சாய்வு 1.98-இலிருந்து 2.16 ஆகிவிடும். இதற்கு மாற்றாகப் பத்துச் சாய்வுகளின் இடைநிலை அளவை எடுக்கலாம். 1950-ல் தெய்லும் 1968-ல் பிரணாப் குமார் சென்னும் வளர்த்த முறை இது. உங்கள் உண்மையான எண்களுக்கு அது 1.99 தருகிறது. இலக்கம் மாறிய தரவுக்கும் 2.04 தான் தருகிறது, அவ்வளவாக அசையவில்லை. இரண்டு முறைகளும் ஏறக்குறைய ஒரே விடையைச் சொன்னால் நிம்மதியாக இருக்கலாம். வேறுபட்டால், எந்த முறை சரி என்று விவாதிப்பதற்கு முன் தரவில் எந்தப் புள்ளி தனித்து நிற்கிறது என்று பாருங்கள், முடிந்தால் அதை மறுபடி அளங்கள். பிடிக்காத புள்ளியைக் காரணமில்லாமல் அழித்துவிடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு நிச்சயமின்மை: மேலே செய்த கணக்கு, எடையில் பிழையே இல்லை, நீளத்தில் மட்டும்தான் பிழை என்று எடுத்துக்கொள்கிறது. அச்சுகளை மாற்றி, எடையில் பிழை என்று கணக்கிட்டால் வேறு கோடு வரும். உங்கள் தரவில் அந்தச் சாய்வு 1.983, வேறுபாடு பொருட்படுத்த வேண்டியதில்லை. புள்ளிகள் பரவலாகச் சிதறியிருக்கும் தரவில் இரண்டு கோடுகளும் கண்ணுக்குத் தெரியும் அளவு விலகும், அப்போது எந்த அளவீட்டில் பிழை அதிகம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கு அதைச் சொல்லித் தராது.

1.98 என்பதை எவ்வளவு நம்பலாம்? விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.064. அதை 3-ஆல் வகுத்து (ஐந்து புள்ளிகள், அவற்றிலிருந்து இரண்டு எண்களைக் கண்டுபிடித்துவிட்டோம், மிச்சம் மூன்று) வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 0.146 சென்டிமீட்டர். இதை 10-இன் (எடை விலகல்களின் வர்க்கக் கூடுதல்) வர்க்கமூலத்தால் வகுத்தால் சாய்வின் திட்டப்பிழை, அதாவது சாய்வு வழக்கமாக எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு, ஏறத்தாழ 0.05. ஐந்தே புள்ளிகள் என்பதால், 95 சதவீத நம்பிக்கை வேண்டுமென்றால் அதை மூன்று மடங்குக்குச் சற்று மேல் விரிக்க வேண்டும், அதாவது கூட்டல் கழித்தல் 0.15. ஆகவே உங்கள் அளவீட்டை வைத்து 1.98-க்கும் 2-க்கும் வித்தியாசம் காட்ட முடியாது. 1.7 என்றோ 2.3 என்றோ இருக்காது என்று சொல்லலாம். கால்குலேட்டர் காட்டுகிற எட்டு இலக்கங்களையும் நோட்டில் எழுதுவதில் பயனில்லை.

வெட்டுத்துண்டு 10.08 என்பது எடை இல்லாத ஸ்பிரிங்கின் நீளமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அளந்து பாருங்கள், ஆனால் பொருந்தாவிட்டால் பதறாதீர்கள். சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாகச் சுற்றப்பட்ட ஸ்பிரிங்கில் தொடக்க இழுவிசை என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட எடை வரும்வரை சுருள்கள் பிரிவதே இல்லை, அதன் பிறகுதான் நேர்கோடு தொடங்குகிறது. அப்படிப்பட்ட ஸ்பிரிங்கில் எடையில்லாத நீளம் 10.08-ஐ விட அதிகமாக இருக்கும். அந்தப் புள்ளியையும் சேர்த்து வலுக்கட்டாயமாகக் கோட்டை இழுத்தால் சாய்வு கெடும். உங்கள் ஸ்பிரிங் எந்த வகை என்பது இந்த ஐந்து எண்களிலிருந்து தெரியாது, சுருள்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

அளந்த எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டுவதிலும் இதே எச்சரிக்கை தேவை. 2 கிலோவுக்கு உங்கள் சமன்பாடு 49.7 சென்டிமீட்டர் என்று சொல்லும். அவ்வளவு எடையை அந்த ஸ்பிரிங் தாங்குமா என்பதைச் சமன்பாடு அறியாது, மீட்சி எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங் நிரந்தரமாக நீண்டுவிடும். கோட்டை நீட்டியதால் பெரிய விஷயம் கிடைத்த சந்தர்ப்பமும் இருக்கிறது. மாறாத அழுத்தத்தில் வாயுவின் பருமனை வெப்பநிலையோடு வரைந்தால் வரும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், எந்த வாயுவாக இருந்தாலும் −273 டிகிரி செல்சியஸ் அருகில் பூஜ்யத்தைத் தொடுகிறது. தனிப்பூஜ்யத்துக்கு அது வழி காட்டியது. ஆனால் நைட்ரஜன் −196 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது, அதற்குக் கீழே அந்தக் கோட்டில் நைட்ரஜன் வாயு என்று எதுவும் இல்லை.

உங்கள் செய்முறை நோட்டுக்கு நடைமுறையாகச் சொல்வதென்றால், முதலில் ஐந்து புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறியுங்கள். கணக்குப் போடுவதற்கு முன், ஒளி ஊடுருவும் ஸ்கேலை வைத்து, புள்ளிகள் இருபுறமும் ஏறக்குறையச் சமமாக விழும்படி ஒரு கோடு போடுங்கள். சாய்வைக் கணக்கிட அந்தக் கோட்டின் மேலேயே தள்ளித் தள்ளி இரண்டு இடங்களை எடுங்கள், அளந்த புள்ளிகளை எடுக்காதீர்கள். கையால் போட்ட கோட்டின் சாய்வு 1.9-க்கும் 2.05-க்கும் இடையில் வந்தால் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். பிறகு மீச்சிறு வர்க்க முறையில் 1.98-ஐக் கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். எக்செல் வைத்திருந்தால் டிரெண்ட்லைன் கொடுப்பதும் இதே எண்கள்தான். விலகல்களையும் ஒரு வரிசையாக எழுதி வையுங்கள். அவற்றின் குறிகள் கலந்து வந்தால் நேர்கோடு என்ற கருதுகோளுக்கு எதிராக எதுவும் இல்லை. உங்களுடையவை அப்படித்தான் இருக்கின்றன. ஓரங்களில் எல்லாம் மிகையாகவும் நடுவில் எல்லாம் குறையாகவும் வந்தால், அது வளைகோடு; அப்போது ஐந்துக்கு மேல் இன்னும் சில எடைகளை, 50 கிராம் இடைவெளியில், மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.